நோர்வேக்குப் போனால் பாணைக் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போங்கள்

திருகோணமலையில் இருந்து நோர்வே போகிறவர்களில் அனேகம் பேர் சொந்தக்காரர் வீட்டில்தான் தங்குவார்கள். நான் ஒஸ்லோவில் அக்கா வீட்டில் தங்கினேன். சோறும் இறால் குழம்பும் தயாராக இருக்கும், வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். பகல் சாப்பாட்டை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளுங்கள். வெளியே என்றால் உணவகம் இல்லை. அங்கே விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் தொண்டையில் இறங்காது. நான் சொல்வது காடு.

முதல் நாளைக்கு சொக்ன்ஸ்வான் ஏரி போதும். சொக்ன்ஸ்வான் பக்கம் போகும் 5ஆம் இலக்க மெட்ரோவில் ஏறிக் கடைசித் தரிப்பிடத்தில் இறங்கினால் ஏரி பக்கத்திலேயே. சுற்றிவர 3 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. பாதை மட்டமானது, அம்மா அப்பாவும் நடப்பார்கள்.

கட்டிக்கொண்டு போக வேண்டியது 'மாட்பக்கே', அதாவது சாப்பாட்டுப் பொதி. முழுத்தானியப் பாண் துண்டில் பட்டர் பூசி, மேலே புரூனோஸ்த் என்ற பழுப்புச் சீஸ். துண்டுகளுக்கு இடையில் வைக்கவென்றே அளவாக வெட்டிய கடுதாசி கடையில் விற்கிறார்கள். பாலைத் திரித்து எஞ்சும் நீரோடு பாலும் கிரீமும் சேர்த்து, நீர் வற்றிப் பால்சீனி பழுப்பாகும்வரை காய்ச்சுவதால் இந்தச் சீஸ் நம் மில்க் டொபியில் உப்புப் போட்டதுபோல் இருக்கும். கத்தியால் தடிப்பாக வெட்டினால் திகட்டும். தூர் பியோர்க்லுண்ட் என்ற தச்சர் 1925இல் செய்த சீஸ் சீவி எல்லா வீட்டிலும் கிடக்கும், அதால் மெல்லிசாகச் சீவுங்கள். தனி ஆட்டுப்பால் சீஸ் வாடை கூட, முதலில் பசும்பால் கலந்த குட்பிரான்ட்ஸ்டால் வகையை வாங்குங்கள். இனிப்புப் பிடிக்காதவருக்குத் தக்காளியில் ஊறிய மக்ரெல் டின்மீன் இருக்கிறது. அதைச் சூடாக்காமல் அப்படியே பாணில் பூசுவார்கள். கொஞ்சம் மிளகாய்த்தூள் மடித்து எடுத்துப் போனால் யாரும் கேட்கமாட்டார்கள்.

உடுப்பு சாப்பாட்டைவிட முக்கியம். உள்ளே பருத்தி பெனியன் வேண்டாம், வியர்த்து நனைந்தால் குளிரும். கோடையிலும் மெல்லிய கம்பளி உள்ளுடுப்பு ஒன்று பையில் கிடக்கட்டும். உட்கார ஒரு சின்ன ரெஜிபோம் துண்டும் வேண்டும். அந்த நாட்டுக்காரர் பைகளில் அது கட்டாயம் இருக்கும்; ஈரக் கல்லில் ஒருமுறை குந்தினால் காரணம் விளங்கிவிடும். பஸ்ஸில் முகம் பார்க்காத மனிதர் காட்டுப் பாதையில் 'ஹாய்' சொல்வார், பதிலுக்கு நீங்களும் சொல்லுங்கள்.

யாருடைய காணி என்று பயப்பட வேண்டாம். பயிரிடாத நிலத்தில் எவரும் நடக்கலாம் என்று 1957இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். கூடாரம் அடித்தால் ஆள் இருக்கும் வீட்டிலிருந்து 150 மீற்றர் தள்ளி, ஒரே இடத்தில் 2 இரவு வரை. ஏப்ரல் 15 முதல் செப்டெம்பர் 15 வரை காட்டிலோ காட்டோரத்திலோ நெருப்பு மூட்டக் கூடாது, ஆகவே தேநீரைப் பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு போங்கள். ஓகஸ்டில் நீலப் பெரிப்பழம் பறித்துத் தின்னலாம், காசு இல்லை.

மலைக்குப் போகிறவர்கள் 1868இல் தொடங்கிய சுற்றுலாச் சங்கத்தின் குடில்களில் தங்கலாம். கல்லில் சிவப்பு 'டி' எழுத்துப் போட்டு வழி காட்டியிருப்பார்கள். சில குடில்களில் காவலுக்கு ஆளே இல்லை. அலுமாரியில் இருக்கும் டின் சாப்பாட்டை எடுத்துச் சமைத்துவிட்டு, எடுத்ததைக் கணக்கெழுதிக் காசு கட்ட வேண்டும். எங்கள் ஊரில் அந்த அலுமாரி எத்தனை நாள் தாங்கும் என்று அத்தானிடம் கேட்டேன், சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினார்.

தூண்டில் பிரியர்களுக்கு: கடலில் தூண்டில் போட அனுமதிச்சீட்டு வேண்டாம், ஆறு ஏரி என்றால் பெரும்பாலும் அட்டை வாங்க வேண்டும். ஒஸ்லோக் குடாவில் கொட் மீன் பிடிக்க 2019 முதல் தடை. தூண்டிலில் வந்தால் உயிரோடு விட்டுவிடுங்கள். கோடையில் மக்ரெல் தாராளமாகக் கிடைக்கும். வீட்டுக்குக் கொண்டுபோனால் அக்காமார் சொதி வைத்துவிடுவார்கள். முதல் மீனையாவது பட்டரில் பொரித்து, அவித்த உருளைக்கிழங்கும் புளித்த கிரீமும் வைத்துத் தின்று பாருங்கள். மிச்சத்துக்குச் சொதி வைக்கட்டும்.