ஆடியில் ஊருக்குப் போய் ஆயுர்வேதம் பார்க்கிறவர்களுக்கு

ஊருக்குப் போகிற எல்லோருடைய பட்டியலிலும் கடைசியில் ஒரு வரி இருக்கும்: "அப்படியே ஆயுர்வேதமும் பார்த்துவிட்டு வர வேண்டும்." பல் டாக்டர், மூக்குக் கண்ணாடி, பேங்க் வேலை, குலதெய்வம், இரண்டு கல்யாணம் எல்லாம் முடிந்து பெட்டி கட்டுகிற வாரத்தில்தான் அந்த வரிக்கு நேரம் வரும்.

நானும் முதல் தடவை அப்படித்தான் செய்தேன். லண்டன் திரும்ப ஐந்து நாள் இருக்கும்போது மலையோரம் ஒரு ரிசார்ட்டில் பேக்கேஜ் போட்டேன். காலையில் எண்ணெய், மதியம் பஃபே, சாயந்திரம் அத்தை வீட்டில் விருந்து. நான்காம் நாள் பேதி மருந்து கொடுத்தார்கள், ஆறாம் நாள் விமானத்தில் இருந்தேன். வீடு வந்து இரண்டு வாரம் படுக்கையை விட்டு எழவே மனம் வரவில்லை. சிகிச்சையைக் குறை சொல்லிக்கொண்டு திரிந்தேன். தப்பு பாதி என்னுடையது என்பது அப்புறம்தான் புரிந்தது.

இரண்டு வருஷம் கழித்து, பாலக்காட்டுப் பக்கம் ஒரு வைத்தியரிடம் போனேன். தூக்கமின்மை, நெஞ்செரிச்சல், இடுப்பு வலி என்று மூன்றையும் வரிசையாகச் சொன்னேன். நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். அதன்பின் முக்கால் மணி நேரம் கேள்விதான். ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பாடு? சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் படுக்கை? பசித்துச் சாப்பிடுகிறீர்களா, கடிகாரம் பார்த்தா? மலம் தினமும் போகிறதா? குளிர் தாங்குமா, வெயில் தாங்குமா? நான் பொறுமையிழந்து, "டாக்டர், எனக்கு என்ன வியாதி?" என்றேன். "வியாதிக்கு முன்னாடி உங்க நாள் எப்படிப் போகுதுன்னு தெரியணும்மா. ஒன்பதரை மணிக்குச் சாப்பிட்டு பத்து மணிக்குப் படுக்கிறீங்க. அதுக்கு என்கிட்ட மருந்து இல்லை" என்றார்.

ஆயுர்வேதம் உடம்பைப் பார்க்கும் விதத்தை அந்த ஒரு பேச்சிலேயே பிடித்துவிடலாம். வாதம், பித்தம், கபம் மூன்றும் அவரவர் உடம்பில் ஓர் அளவில் அமைந்திருக்கும், அதுதான் பிரகிருதி. பருவம், வயது, சாப்பாடு, தூக்கம், கவலை எல்லாம் அந்த அளவைக் கூட்டிக் குறைக்கும். வயிற்றில் அக்னி மந்தமானால் தின்றது சரியாகச் செரிக்காமல் ஆமமாகத் தங்கும், பல நோய்களுக்கு அதுவே வேர் என்பது அவர்கள் கணக்கு. நம் பாட்டிமார் "வாய்வு பிடிச்சிருக்கு", "பித்தம் ஏறிடுச்சு" என்று சொன்னதெல்லாம் இதே மொழிதான். சித்த மருத்துவத்துக்கும் இந்த மூன்றுதான் அடிப்படை. இதை ரத்தப் பரிசோதனையோடு போட்டி போட வைக்காதீர்கள். சர்க்கரை எவ்வளவு என்பதை ஆய்வுக்கூடம் சொல்லும், மத்தியானச் சோற்றுக்குப் பின் ஏன் கண் சொருகுகிறது என்பதை வைத்தியர் பேசலாம். எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது.

எப்போது போவது? கேட்டால் ஆடி என்பேன். வெளிநாட்டுப் பள்ளி விடுமுறை பெரும்பாலும் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை. நமக்கு ஆடி, மலையாளிகளுக்குக் கர்க்கடகம். மழைக்காலத்தில் வாதம் கூடும், செரிமானம் தளரும் என்பதால், கேரளத்தில் அந்த மாதத்தை உடம்பைப் பார்த்துக்கொள்வதற்கென்றே வைத்திருக்கிறார்கள். கர்க்கடகக் கஞ்சி குடிப்பதும் அப்போதுதான். நம் பக்கம் இன்னொரு வசதி, ஆடியில் கல்யாணம் கிடையாது! பத்திரிகை நீட்டும் மாமாவுக்குச் சாக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆவணி பிறப்பதற்குள் சிகிச்சையை முடித்துவிட்டால் முகூர்த்தங்களுக்குத் தெம்பாகப் போகலாம்.

எத்தனை நாள் என்பதில்தான் நம்மவர்கள் தடுக்கி விழுகிறோம். பஞ்சகர்மா என்றால் வெறும் எண்ணெய்த் தேய்ப்பு இல்லை. முதலில் சில நாள் உள்ளுக்கு நெய், வெளியே எண்ணெய், பிறகு வியர்க்க வைத்தல். அதற்குப் பின்தான் வாந்தி, பேதி, வஸ்தி என்கிற எனிமா, மூக்கில் விடும் நஸ்யம் இவற்றில் உங்களுக்கு எது தேவையோ அது. அதன்பிறகு மெல்லிய கஞ்சியில் ஆரம்பித்துப் படிப்படியாகப் பழைய சாப்பாட்டுக்குத் திரும்புவது. பெரும்பாலான மருத்துவமனைகள் 14, 21, 28 நாள் என்று கணக்குச் சொல்லும். முடிந்த பிறகும் கிட்டத்தட்ட அதே அளவு நாட்கள் அலைச்சல் இல்லாமல் பத்தியமாக இருக்கச் சொல்வார்கள். ஆகவே ஐந்து வார விடுமுறை என்றால் முதல் இரண்டு வாரத்தை வைத்தியத்துக்குக் கொடுத்துவிடுங்கள், சொந்தக்காரர்கள் பிறகு. மொத்தமே பத்து நாள்தான் என்றால் பேதி, வாந்தி பக்கம் போகவே வேண்டாம். ஒருமுறை நன்றாக உட்கார்ந்து ஆலோசனை, சாப்பாட்டு முறை, இரண்டு மூன்று நாள் அப்யங்கம் என்கிற எண்ணெய்த் தேய்ப்பு. அதுவே தாராளம்.

சிகிச்சை நாட்கள் எப்படி இருக்கும் என்று ஒரு வார்த்தை. மரத்தோணியில் படுக்க வைத்து இருவர் இருபுறமும் நின்று தேய்ப்பார்கள். கிழி என்றால் இலையையோ பொடியையோ துணியில் முடிந்து சூடாக ஒற்றுவது. ஞவரக்கிழியில் ஞவரை அரிசியைப் பாலிலும் கஷாயத்திலும் வேகவைத்துக் கட்டுவார்கள், வாசனைக்கே பசி எடுக்கும். பிறகு பயறு மாவு தேய்த்து வெந்நீர்க் குளியல், உச்சந்தலையில் ராஸ்னாதிப் பொடி. பகல் தூக்கம் கூடாது, குளிர்ந்த தண்ணீர் கூடாது, ஏசி காற்று கூடாது, வெளியே சுற்றல் கூடாது. போன் மட்டும் பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் முதல் பத்தியமாக இருந்திருக்க வேண்டும். நல்ல உடை எடுத்துப் போகாதீர்கள், எண்ணெய் எந்தச் சோப்புக்கும் போகாது.

இறங்கிய அன்றே எண்ணெய்க் கட்டிலில் ஏறாதீர்கள். பத்து மணி நேரம் விமானத்தில் மடங்கிக் கிடந்த பின் ஒரு காலில் மட்டும் வீக்கமோ கெண்டைக்கால் வலியோ இருந்தால், ரத்தம் உறைந்திருக்கலாம். அதைத் தேய்க்கவே கூடாது, அலோபதி டாக்டரிடம் காட்ட வேண்டும். காய்ச்சலோடும் தேய்ப்பு வேண்டாம்.

ஊருக்குப் புறப்படும் முன், நீங்கள் இருக்கும் நாட்டிலேயே ரத்தப் பரிசோதனை செய்து, மூன்று மாதச் சர்க்கரை, தைராய்டு, கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் அறிக்கையைத் தாளாக எடுத்துச் செல்லுங்கள். தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் பெயரும் அளவும் ஒரு தாளில். ரத்தம் நீர்க்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முதல் வரியில் எழுதுங்கள். கர்ப்பம் என்றாலும், கர்ப்பத்துக்கு முயற்சி செய்கிறீர்கள் என்றாலும் வாய் திறந்து சொல்லிவிடுங்கள். "இன்சுலினை நிறுத்துங்கள், பிரஷர் மாத்திரையை விடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று முதல் நாளே சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். புற்றுநோய், நெஞ்சுவலி, திடீரென இளைத்தல், மலத்தில் ரத்தம், இவற்றுக்கு ஆயுர்வேதத்தில் ஆரம்பிக்கிற வேலை கூடாது. பழைய மூட்டுவலி, இடுப்பு, தூக்கம், செரிமானம் என்று நாள்பட்டு இழுப்பவற்றுக்குத்தான் நான் போகச் சொல்வேன்.

எங்கே போவது என்பது ஊரைப் பொறுத்தது. கோயம்புத்தூர்க்காரர்களுக்கு 1943-இல் தொடங்கிய ஆர்ய வைத்திய ஃபார்மசி உள்ளூரிலேயே இருக்கிறது. ரயிலேறினால் ஷொரனூர் வழியாகத் திரூர், அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கோட்டக்கல். பி.எஸ். வாரியர் 1902-இல் தொடங்கிய ஆர்ய வைத்திய சாலை அங்கேதான். படுக்கை வேண்டுமென்றால் டிக்கெட் போடும்போதே எழுதிக் கேளுங்கள். தெற்கே நாகர்கோவில் கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னையில் இறங்குபவர்கள் சித்த மருத்துவம் பார்க்க நினைத்தால் அரும்பாக்கம் அண்ணா மருத்துவமனை, அல்லது தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் இயங்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனம். அரசு இடங்களில் வரிசை நீளம், வசதி குறைவு. ஆனால் யாரும் உங்களுக்குப் பேக்கேஜ் விற்க மாட்டார்கள்.

யாழ்ப்பாணம் போகிறவர்களுக்குச் சித்த வைத்தியம்தான் நெருக்கம். கைதடியில் சித்த போதனா வைத்தியசாலை இருக்கிறது, யாழ் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவப் படிப்பும் அங்கேதான். முறிவு நெரிவுக்குப் பரியாரியார் என்கிற பரம்பரை வைத்தியரிடம் போகும் வழக்கம் இன்னும் உண்டு. எலும்பு முறிவு என்று சந்தேகம் வந்தால் எக்ஸ்ரே எடுத்துவிட்டுப் போங்கள். இலங்கையில் 1961-ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ்தான் சித்த வைத்தியர்களும் பதிவு செய்கிறார்கள்.

பதிவைப் பார்ப்பது மரியாதைக் குறைவில்லை. இந்தியாவில் ஆயுர்வேத டாக்டர் என்றால் பி.ஏ.எம்.எஸ்., சித்த டாக்டர் என்றால் பி.எஸ்.எம்.எஸ்., இரண்டும் பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை வருஷப் படிப்பு. பலகையில் பதிவு எண் இருக்கும், இல்லாவிட்டால் கேளுங்கள். ரிசார்ட்டுகளில் "மருத்துவர் உண்டா?" என்பதைவிட "மருத்துவர் தினமும் எத்தனை மணி நேரம் இருப்பார்?" என்பதே சரியான கேள்வி.

இனி மருந்து. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதப் பொருட்களைச் சோதித்து 2004-இல் வெளியான ஆய்வில் 14-இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன. 2008-இல் இணையத்தில் வாங்கியவற்றைச் சோதித்தபோதும் ஐந்தில் ஒரு பங்குக்கு அதே கதை. சில இடத்தில் அது கலப்படம், சில இடத்தில் மருந்தே அப்படித்தான். ரசம் என்கிற பாதரசம் சேர்ந்த ரச மருந்துகளிலும், சித்தத்தின் பஸ்பம், செந்தூரம் என்கிற பொடிகளிலும் உலோகம் தெரிந்தே சேர்க்கப்படுகிறது. முறைப்படி நச்சு நீக்கிச் சுத்தி செய்தால் கெடுதல் இல்லை என்பது வைத்தியர்கள் வாதம். உங்கள் ரத்தத்தில் ஈயம் ஏறினால் லண்டன் டாக்டர் அந்த வாதத்தைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். ஆகவே நேராகக் கேளுங்கள்: "இதில் ரசமோ ஈயமோ பஸ்பமோ சேர்ந்திருக்கா?" குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அப்படிப்பட்டது எதுவும் வேண்டாம்.

மூலிகை என்றாலே சாது என்பதும் இல்லை. அதிமதுரத்தைத் தொடர்ந்து சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். அமுக்கரா, அதாவது அஸ்வகந்தா, தைராய்டு அளவை அசைக்கும், சிலருக்குக் கல்லீரலைத் தொட்டிருக்கிறது. டென்மார்க் 2023-இல் அதைத் தடையே செய்துவிட்டது. எனக்கும் ஒரு பாடம் கிடைத்தது. தெரிந்தவர் சொன்னார் என்று பெயரில்லாத ஒரு பொடியைச் செய்தித்தாள் பொட்டலத்தில் வாங்கி வந்து இரண்டு மாதம் சாப்பிட்டேன். கல்லீரல் எண்கள் ஏறியிருந்தன. "என்ன சாப்பிட்டீர்கள்?" என்று இங்கே டாக்டர் கேட்டபோது பதில் சொல்ல என்னிடம் ஒரு பெயர்கூட இல்லை. நிறுத்தியதும் இறங்கிவிட்டன, அது என் அதிர்ஷ்டம்.

அதனால் உறையில் உற்பத்தி உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதி, சேர்மானங்கள் எல்லாம் அச்சில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மருத்துவர் மேற்பார்வையில் மட்டும் சாப்பிடவும் என்று எச்சரிக்கை போட்டிருந்தால், நச்சுச் சரக்கு சேர்ந்த மருந்து என்று பொருள். அதை அத்தைக்கும் சேர்த்து வாங்கி வராதீர்கள்.

விசா விஷயம் சுருக்கம்: வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தால் கவலையில்லை. மற்றவர்கள் தங்கிச் சிகிச்சை எடுப்பதானால், இந்தியா 2023-இல் கொண்டுவந்த ஆயுஷ் விசாவைப் பாருங்கள்.

திரும்பும்போது மருந்துச் சீட்டை ஆங்கிலத்தில் எழுதி வாங்கி, மருந்தோடு வையுங்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் விதி வேறு. பிரிட்டனுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இந்தியா, இலங்கையிலிருந்து பால் பொருள் கொண்டுவரக் கூடாது, நெய்யில் காய்ச்சிய மருந்தும் அந்த வலையில் விழும். ஆஸ்திரேலியா என்றால் மூலிகை எதுவானாலும் இறங்கும்போது நிரப்பும் பயணி அட்டையில் எழுதிக் காட்டிவிடுவது நல்லது. அரிஷ்டம் என்கிற புளிக்க வைத்த மருந்துகளில் தானாக உண்டான ஆல்கஹால் இருக்கும், மது தொடாத வீடுகளுக்கு இது தெரிந்திருக்கட்டும். கஷாயம் இப்போது மாத்திரையாகவும் வருகிறது, புட்டியைவிட அதுவே பயணத்துக்கு லேசு.

எண்ணெய் வாங்கினால் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி, பெட்டியின் ஓரத்தில் நிற்க வையுங்கள். அடிபட்ட இடத்தில் தேய்க்கிற முறிவெண்ணெய் அரை லிட்டர் என் நீலப் பட்டுப்புடவைக்குள் முழுசாக இறங்கியது. லண்டன் டிரைகிளீனர் மோந்து பார்த்துவிட்டு, சமையல் எண்ணெயா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.