டர்ஃப் போடுவதற்கு முன் கணக்கைப் போடுங்கள்

"சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஒரு ஸ்லாட்கூட காலி இல்ல சார். ஆனா இ.பி. பில் கட்ட வட்டிக்கு வாங்குறேன். காசு எங்கதான் போகுது?"

வியாசர்பாடி பக்கம் கால்பந்து டர்ஃப், அதாவது மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் செயற்கைப் புல் மைதானம், நடத்தும் தம்பி ஒருவர், கணக்கு எழுதிக் கொடுக்கும் என்னிடம் கேட்டது இது. நோட்டை வாங்கிப் பார்த்தேன். பையன்கள் தலைக்கு நூறு போட்டு ஜிபேயில் அனுப்பியது, கோச்சிங் அகாடமி மூன்று மாதத்துக்கு மொத்தமாகத் தந்தது, திருப்பித் தர வேண்டிய டெபாசிட் எல்லாம் ஒரே வரிசையில் 'வரவு'.

முதல் தவறு அங்கேதான். ஜூனில் அகாடமி தந்த 90,000 ரூபாயில் ஜூன் மாத வருமானம் 30,000 மட்டும். மீதி 60,000 கடன். பணமாக இல்லாமல் கிரவுண்டில் ஆடும் நேரமாகத் திருப்பித் தர வேண்டிய கடன். தம்பி அந்தப் பணத்தில் புது ஃபிளட்லைட் மாட்டிவிட்டார். ஜூலையிலும் ஆகஸ்டிலும் அகாடமிப் பிள்ளைகள் தினமும் வந்து ஆடினார்கள், புது லைட் ஜோராக எரிந்தது, அவர்களிடமிருந்து கல்லாவில் ஒரு ரூபாய் விழவில்லை. இதில் ஜி.எஸ்.டி. வேறு. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டிப் பதிவு செய்தவர் என்றால், முன்பணம் கைக்கு வந்த மாதக் கணக்கிலேயே 18 சதவீத வரியைக் காட்டியாக வேண்டும். திருப்பித் தரும் டெபாசிட்டுக்கு வரி கிடையாது. ஆனால் அதை வாடகையில் கழித்துக்கொண்டால் அன்றே வரி உண்டு.

பணக்கார கோல்ஃப் கிளப்புகள் சறுக்குவதும் இதே இடத்தில்தான். புது உறுப்பினர் கட்டும் சேர்க்கைக் கட்டணத்தை எடுத்துப் புல் வெட்டுபவருக்குச் சம்பளம் கொடுப்பார்கள். ஆள் சேர்வது நின்றால்? புல் வளர்வது நிற்காதே.

நம்முடையது வளராத புல். ஆனால் தேயும். கோல் போஸ்டுக்கு முன்னால் கீப்பர் நிற்கும் இடத்தைக் குனிந்து பாருங்கள். இழை படுத்துக் கிடக்கும், இழைகளுக்கு நடுவே தூவிய ரப்பர் துகள் ஓரமாக ஒதுங்கியிருக்கும், அடித்துணி தெரியும். அங்கே ஒரு பையனுக்குக் கணுக்கால் பிசகினால் அந்த டீம் மறுவாரம் வேறு டர்ஃபுக்குப் போய்விடும். 100-க்கு 60 அடி கிரவுண்ட் என்றால் 6,000 சதுர அடி. இந்தப் புல் விரிப்பை, அதாவது கார்பெட்டை, மாற்ற சதுர அடிக்கு 80 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம்: 4,80,000. ஆறு வருடம் உழைக்கும் என்று எடுத்தால் மாதம் 6,667 ரூபாய் தனிக் கணக்கில் போக வேண்டும். 'தேய்மானம்' என்று லெட்ஜரில் எழுதினால் மட்டும் கார்பெட் வராது. பணம் பேங்கில் இருக்க வேண்டும். காசிமேடு, திருவொற்றியூர் மாதிரி கடலோரம் என்றால் வலைக்கம்பத்துக்கும் லைட் கம்பத்துக்கும் பெயின்ட் செலவு தனி. உப்புக்காற்று சும்மா விடாது.

நிலத்தைச் சும்மா கிடைத்ததாக நினைப்பது இன்னொரு தவறு. "மாமா இடம்தான், வாடகை இல்லை" என்பார்கள். கிண்டி ரேஸ் கோர்ஸ் கதை தெரியும்தானே? 1946-இல் 99 வருடக் குத்தகை, 160 ஏக்கர், ஆண்டு வாடகை 614 ரூபாய் சொச்சம். பிறகு வாடகையை உயர்த்திய அரசு, அந்தக் கணக்கில் பாக்கி 730 கோடி என்று சொல்லி 2024 செப்டம்பரில் குத்தகையையே ரத்து செய்தது. அதற்குள் இருந்த கோல்ஃப் மைதானமும் சேர்ந்து மாட்டியது. மாமா இடமே ஆனாலும் ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யுங்கள். சந்தை வாடகையைச் செலவில் எழுதிப் பார்த்த பிறகு லாபத்தைப் பேசுங்கள்.

24 மணி நேரத்தையும் விற்பனைக்கு வைத்துக் கணக்குப் போடாதீர்கள். மே மாத மதியம் கருப்பு ரப்பர் துகள் ஷூவையும் தாண்டிச் சுடும், ஒருவரும் வரமாட்டார்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை. லைட்டே போடாத மாதத்திலும் இ.பி. வணிக இணைப்பின் நிலைக்கட்டணம் வந்து நிற்கும். வீட்டு இணைப்பிலிருந்து ஒயர் இழுக்கும் யோசனையே வேண்டாம், பிடித்தால் இரண்டு மடங்கு கட்ட வேண்டும்.

அந்தத் தம்பி இப்போது கார்பெட்டுக்கென்று தனி பேங்க் கணக்கு தொடங்கியிருக்கிறார். போன மாதம் மச்சானின் பைக் டியூவுக்காக அதில் கை வைத்தாராம்.

"திருப்பிப் போட்டுட்டேன் சார்."

பாஸ்புக்கை இன்னும் கண்ணில் காட்டவில்லை.