விடுபட்ட வாரத்தின் கிணற்று ஆழம்: பல்லுறுப்பி இடைச்செருகலுக்கு ஒரு சின்ன நிரல்

கோண்டாவிலில் எங்கள் தோட்டக் கிணற்றில் மாசி பிறந்தால் தண்ணீர் இறங்கத் தொடங்கும். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, கிணற்றுக் கட்டிலிருந்து தண்ணீர் எத்தனை அடி கீழே என்று குறித்து வருகிறேன். தொடங்கிய அன்று 8 அடி, 2ஆம் வாரம் 9, 5ஆம் வாரம் 12. வெங்காயத்துக்கு இறைப்பு நடந்த 3ஆம் வாரம் அளக்க விடுபட்டுப் போயிற்று. தெரிந்த அளவுகளின் வழியே ஒரு கோட்டைப் போட்டு இடையில் விடுபட்டதை அறிவதுதான் இடைச்செருகல். அந்த அளவை அப்படிக் கணக்கிடத்தான் இந்த நிரல்.

ஒவ்வோர் அளவும் வரைபடத்தில் ஒரு புள்ளி. மூன்று புள்ளிகள் வழியே இரண்டாம் படிக்கு மேற்படாத பல்லுறுப்பி (மாறியின் அடுக்குகளைக் குணகங்களால் பெருக்கிக் கூட்டிய கோவை) ஒன்றே ஒன்றுதான் போகும். குணகங்களைத் தேடிச் சமன்பாடுகளோடு மல்லுக்கட்ட வேண்டாம். கணிதவியலாளர் லக்ராஞ்சி 1795இல் தந்த சூத்திரம் போதும். ஒவ்வோர் அளவுக்கும் ஓர் எடை உண்டு. பெருக்கிக் கூட்டினால் விடை.

பைத்தான் 3 என்ற நிரல்மொழி தமிழ் மாறிப் பெயர்களை ஏற்கும். கட்டளைச் சொற்களை மட்டும் பைத்தானுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்:

வாரம் = [0, 2, 5]
ஆழம் = [8, 9, 12]
தேடல் = 3
விடை = 0
ஒவ்வொரு அ-வுக்கும் (0, 1, 2):
    பெருக்கம் = 1
    ஒவ்வொரு ஆ-வுக்கும் (0, 1, 2):
        அ, ஆ இரண்டும் ஒன்றென்றால் தாண்டு
        பெருக்கம் = பெருக்கம் × (தேடல் − வாரம்[ஆ]) ÷ (வாரம்[அ] − வாரம்[ஆ])
    விடை = விடை + ஆழம்[அ] × பெருக்கம்

'பெருக்கம் = 1' வெளி லூப்புக்கு உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். நான் அதை மேலே, 'விடை = 0' பக்கத்தில் வைத்துவிட்டேன். வந்த விடை −3.88. அதாவது கட்டுக்கும் மேலே கிட்டத்தட்ட 4 அடி தண்ணீர்! நிரல் பிழை எதுவும் காட்டவில்லை. சூத்திரத்தில்தான் தவறென்று ஒரு மாலை முழுக்கத் தாளில் போட்டுப் பார்த்தேன். முந்தைய சுற்றின் பெருக்கம் அடுத்த சுற்றுக்கும் தொற்றிக்கொண்டு வந்திருக்கிறது. சரியான எடைகள் −0.2, 1, 0.2. விடை 9.8 அடி.

எடை எதிர்மறையாக வரலாம், பயப்பட வேண்டாம். ஆனால் எடைகளின் கூட்டுத்தொகை எப்போதும் 1. ஆகவே ஆழம் எல்லாவற்றையும் 1 என்று கொடுத்து ஓட்டுங்கள். 1 வராவிட்டால் நிரலில் பிழை. இந்தச் சோதனை அன்று தெரிந்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

முதலில் கையால் எழுதுங்கள் என்பதுதான் என் கட்சி. அப்புறம் சைப்பை (SciPy) என்ற பைத்தான் கணித நூலகத்தில் இருக்கும் பேரிசென்ட்ரிக் முறைக்குப் போகலாம்; அதே பல்லுறுப்பியை வேறு வடிவில் கணக்கிடுவது அது.

பின்சேர்க்கை: பூச்சியத்தால் வகுத்தல் என்று பிழை வருவதாக ஒருவர் எழுதியிருந்தார். அவர் லிஸ்டில் ஒரே வாரம் இரண்டு முறை இருந்தது. ஒன்றை நீக்குங்கள், அல்லது இரண்டின் சராசரியை வையுங்கள்.

இன்னொருவர் ஓர் ஆண்டின் அளவுகள் முழுவதையும் கொடுத்திருக்கிறார். ஓரங்களில் கோடு தாறுமாறாக ஆடியதாம். கணிதவியலாளர் ரூங்கே 1901இல் காட்டிய சிக்கல் இது. சம இடைவெளியில் புள்ளிகளைக் கூட்டக் கூட்ட ஓரங்களில் ஆட்டம் பெருகக்கூடும். அவருடைய 1 ÷ (1 + 25க²) என்ற சார்பு (க என்பது மாறி) 1ஐத் தாண்டாதது; −1 முதல் 1 வரை 11 புள்ளிகள் வைத்தால் பல்லுறுப்பி ஓரத்தில் கிட்டத்தட்ட 2 வரை ஏறிவிடும். ஆண்டு முழுவதற்கும் கியூபிக் ஸ்ப்லைன்தான் (அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே மூன்றாம் படித் துண்டுகளை வழுவழுப்பாக இணைக்கும் முறை) சரி. இந்த நிரலுக்கு, விடுபட்ட வாரத்தைச் சுற்றியுள்ள மூன்று நான்கு அளவுகளை மட்டும் கொடுங்கள்.