ஸ்பீகல் குரோவ் கப்பலில் முக்குளிக்க 32 சதவீத நைட்ராக்ஸ்

அமெரிக்காவின் கீ லார்கோ அருகே, 2002-இல் செயற்கைப் பவளத்திட்டாக மூழ்கடிக்கப்பட்ட ஸ்பீகல் குரோவ் கப்பலுக்குச் சாதாரணக் காற்றுக்குப் பதில் 32 சதவீத நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் 32 சதவீதமாகக் கூட்டப்பட்ட காற்று) சிலிண்டர் எடுங்கள். நைட்ரஜன் 79-க்குப் பதில் 68 சதவீதம்தான் என்பதால் உடலில் சேர்வது குறையும். சேர்ந்த நைட்ரஜன் வெளியேற மேலேறும் வழியில் நின்று காத்திருக்கத் தேவையின்றி 30 மீட்டரில் தங்கக்கூடிய நேரம் காற்றில் சுமார் 20 நிமிடம் என்றால் இதில் சுமார் 30. கப்பலின் நீளமே 155 மீட்டர், அந்தப் பத்து நிமிடம் பெரிது.

ஆனால் கடல் தரை 40 மீட்டர். இந்தக் கலவையோடு 33 மீட்டருக்குக் கீழே இறங்கவே கூடாது: ஆக்சிஜன் அழுத்தம் 1.4 பாரைத் தாண்டும், வலிப்பு வரலாம். சிலிண்டரில் உள்ள ஆக்சிஜன் அளவைப் பகுப்பாய்வுக் கருவியில் நீங்களே சோதியுங்கள். வேகமாக மூச்சிழுப்பவருக்குப் பயனில்லை, சிலிண்டர்தான் முதலில் தீரும். நைட்ராக்ஸ் சான்றிதழ் இல்லாதவர்களுக்கும் இது பொருந்தாது.