ஜப்பானிய வினைச்சொல்லுக்கு ஆங்கிலம் வழியாகப் போகாதீர்கள்

ஜப்பானிய மொழி படிக்கத் தொடங்கும் நம்மவர்களில் பலர் ஆங்கில–ஜப்பானிய அகராதியைத்தான் நம்புகிறார்கள். தவறு அங்கேயே பிறந்துவிடுகிறது. 'பிரேக்' (break) என்று தேடினால் ஐந்தாறு வினைகள் வந்து நிற்கும். முதலில் இருப்பதை எடுத்து எல்லா இடத்திலும் எழுதிவிடுவார்கள். ஒரு மாணவியின் பயிற்சி நோட்டில் கிளையும் 'கொவரேரு', தாளும் 'கொவரேரு', கயிறும் 'கொவரேரு'.

அவரிடம் அதையே தமிழில் சொல்லச் சொன்னேன். கண்ணாடி உடைந்தது, கிளை முறிந்தது, தாள் கிழிந்தது, கயிறு அறுந்தது. ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. ஜப்பானியரும் இப்படியேதான் பிரிக்கிறார்கள்: வரேரு, ஒரேரு, யபுரேரு, கிரேரு. எலும்பு முறிவதற்கும் கிளை முறிவதற்கும் அங்கேயும் ஒரே சொல். கடிகாரமோ இயந்திரமோ பழுதானால் கொவரேரு கைகொடுக்கும். பஸ்ஸும் அப்படித்தான். 'டேக்' என்பதை நினைத்து 'பஸு ஒ தொரு' என்று எழுதாதீர்கள். நாம் பஸ்ஸை எடுப்பதில்லை, பஸ்ஸில் ஏறுகிறோம். அவர்களும் 'பஸு நி நொரு' என்கிறார்கள்.

ஆனால் தமிழும் சில இடங்களில் காலை வாரிவிடும். சட்டை, செருப்பு, தொப்பி, மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் இன்று நாம் 'போடுகிறோம்'. ஜப்பானிய மொழி உடம்பில் எந்த இடம் என்று கேட்கிறது. மேலுடம்பை மூடினால் கிரு. கிமோனோ போல உடல் முழுவதையும் மூடினாலும் அதுவே. காலை நுழைத்துப் போடுவதெல்லாம் ஹக்கு. அதனால் பேன்ட், பாவாடை, காலுறை, ஷூ நான்கும் ஒரே வினைக்குள் வந்துவிடுகின்றன. தலைக்குக் கபுரு, கண்ணாடிக்குக் கக்கேரு. ஆடை உடுத்து, பூச் சூடு, நகை பூண் என்று இடமறிந்து பேசிய மொழிதான் நம்முடையதும். அந்தக் காதோடு கேட்டால் இந்தப் பிரிவு அந்நியமாகத் தோன்றாது. இன்னொன்று: அவர் கண்ணாடி போட்டிருக்கிறார் என்பதற்குக் 'கக்கேரு' என்று நிறுத்தினால், போடுவார் என்றே பொருள்படும். 'கக்கேதே இரு' என்று சொல்ல வேண்டும். 'போட்டு இரு' என்பதன் அமைப்பே அதில் இருக்கிறது.

மாத்திரையையும் நாம் 'சாப்பிடுகிறோம்'. அதை நம்பித் 'தபேரு' என்றால் தவறு. மெல்லாமல் விழுங்குவதால் அது 'நொமு', தண்ணீர் குடிப்பதற்கான அதே வினை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் 'கொடு'. ஆங்கிலத்தில் 'கிவ்' ஒன்றுதான், இன்றைய தமிழிலும் 'கொடு' ஒன்றே போதும். ஜப்பானிய மொழியில் இரண்டு. நான் பிறருக்குக் கொடுத்தால் அகேரு. பிறர் எனக்குக் கொடுத்தால் குரேரு. 'தனகா எனக்குப் புத்தகம் கொடுத்தார்' என்பதில் அகேரு போட்டால் வாக்கியமே கெட்டுவிடும். இந்தத் திசையறிவு நமக்குப் புதிதல்ல. தன்மைக்கும் முன்னிலைக்கும் 'தருதல்', படர்க்கைக்குக் 'கொடுத்தல்' என்று தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. மலையாளம் அதை இன்றும் பேச்சில் காப்பாற்றி வருகிறது. ஆகவே 'தந்தார்' என்று சொல்லிப் பார்த்துக் குரேருவைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்க வேண்டாம். 'நான் உனக்குத் தருகிறேன்' என்பது அங்கே அகேருதான், ஏனென்றால் பொருள் என்னைவிட்டு வெளியே போகிறது. என் தோழி என் தம்பிக்கு ஒரு புத்தகம் கொடுத்தால் அது குரேரு. தம்பி படர்க்கைதான், ஆனால் என் பக்கத்து ஆள். அங்கே அகேரு என்று சொன்னால், என் தம்பியை நானே வெளியாள் ஆக்கியதுபோல் கேட்கும்.