மூளை முன்னோடிச் செல் வளர்ப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூளை முன்னோடிச் செல்களை, அதாவது பெருகி நியூரான் முதலிய மூளைச் செல்களாக மாறக்கூடியவற்றை, வளர்க்கப் புதிதாக வருபவர்கள் எங்கே சறுக்குவார்கள் என்று இப்போதெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிட முடிகிறது. நான் சறுக்கிய இடங்கள்தானே அவை. கையுறை, ஆல்கஹால், மைக்கோபிளாஸ்மா பரிசோதனை பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அதையெல்லாம் முதல் நாளே யாராவது சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். வளர்ச்சிக் காரணிகளை, அதாவது பெருகு, மாறு என்று செல்லுக்குச் சொல்லும் புரதங்களை, எப்படிக் கெடுக்கிறோம், எப்படித் தப்பாகப் புரிந்துகொள்கிறோம் என்பதைத்தான் யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை.

காரணியைப் பாட்டிலிலேயே கலந்து வைப்பது

இதற்குத்தான் எனக்கு இன்றும் கோபம் வரும்.

1992-இல் ரெனால்ட்ஸும் வைஸும் வளர்ந்த சுண்டெலியின் மூளைச் செல்களைச் சீரம் (ரத்தத்தின் தெளிந்த நீர்) இல்லாத மீடியத்தில் (ஊட்டக் கரைசலில்), ஈஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியைக் கொடுத்து, மிதக்கும் உருண்டைகளாக வளர்த்துக் காட்டினார்கள். இன்று பெரும்பாலான ஆய்வகங்களில் ஈஜிஎஃப், இன்னொரு காரணியான எஃப்ஜிஎஃப்2 இரண்டும் மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் வீதம் போகின்றன. குறிப்பேட்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே அளவில் இருப்பதால் இரண்டும் ஒரே குணம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஈஜிஎஃப் 53 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம்; மூன்று டைசல்ஃபைடு பிணைப்புகள் அதை இறுக்கிப் பிடித்திருக்கின்றன, சூட்டைத் தாங்கும். எஃப்ஜிஎஃப்2 அப்படியல்ல. 37 டிகிரியில் ஒரு நாளுக்குள் அதன் வீரியத்தில் பெரும்பகுதி போய்விடும்.

எங்களிடம் பயிற்சிக்கு வந்த ஒரு மாணவர் சுறுசுறுப்பானவர். வேலை மிச்சம் என்று அரை லிட்டர் மீடியத்திலும் இரண்டு காரணிகளையும் மொத்தமாகக் கலந்து, தினமும் காலையில் அந்தப் பாட்டிலை வாட்டர் பாத்தில் வைத்துச் சூடாக்கி, தேவையானதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்துவிடுவார். கொஞ்ச நாளில் உருண்டைகள் தட்டின் அடியில் ஒட்டிப் பரவ ஆரம்பித்தன. செல்லுக்கு வயதாகிவிட்டது என்றார். மீடியத்தில் சேர்க்கும் பி27 ஊட்டக் கலவையின் லாட் சரியில்லை என்றார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு வேதிச்சேர்மத்தைச் சோதித்து, அது நியூரான்களுக்குத் துணைநிற்கும் ஆஸ்ட்ரோசைட்டுகளைக் கூட்டுகிறது என்று போஸ்டர் வரை தயார் செய்துவிட்டார். தேதிகளைப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஒப்பீட்டுத் தட்டுகள் பாட்டில் புதிதாக இருந்தபோது போட்டவை. சேர்மம் சேர்த்தவை பாட்டில் தீரும் தறுவாயில். பெருகச் சொல்லும் சமிக்ஞை மங்கினால் முன்னோடிச் செல்கள் பிரிவதை நிறுத்தி முதிர்ந்த வகைகளாக மாறத்தான் செய்யும். அவர் அளந்தது சேர்மத்தின் வேலையை அல்ல, எஃப்ஜிஎஃப்2 இல்லாமையை. மாதக்கணக்கான உழைப்பு. மீடியத்தின் இளஞ்சிவப்பு நிறமும் தெளிவும் கொஞ்சமும் மாறாது. காரணி செத்துப்போனதைக் கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது.

பாட்டிலைச் சரிசெய்தாலும் பாதிதான் தீரும். இன்குபேட்டரும் 37 டிகிரிதான். திங்கட்கிழமை ஒரு முறை, வியாழக்கிழமை ஒரு முறை ஊட்டினால், நடுவில் செல்கள் ஏறக்குறைய பட்டினி கிடக்கின்றன. 20 நானோகிராம் என்பது குறிப்பேட்டில் மட்டும்.

ஆகவே: காரணியை 0.1 சதவீதம் பிஎஸ்ஏ (மாட்டு ரத்தத்தின் அல்புமின் புரதம்) கலந்த கரைசலில் கரையுங்கள். பிஎஸ்ஏ இல்லாவிட்டால் நீர்த்த புரதம் டியூபின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். சின்னச் சின்ன அலிக்வாட்டாகப் பிரித்து உறைய வையுங்கள். உருக்கியதை மறுபடி உறைய வைக்காதீர்கள். அன்றைக்கு வேண்டிய மீடியத்தை மட்டும் தனியாக எடுத்துச் சூடாக்கி, கடைசியில் காரணியைச் சேருங்கள். ஹெப்பாரின் சேர்ப்பதைச் செலவு என்று விட்டுவிடாதீர்கள். அது எஃப்ஜிஎஃப்2-வைச் சூட்டிலிருந்து காப்பதோடு, ஏற்பியோடு அது சேர்ந்து வேலை செய்யவும் உதவுகிறது. எஃப்ஜிஎஃப்2-வைத் தினமும் சேர்க்க முடியாதென்றால், சூட்டைத் தாங்கும்படி மாற்றி வடிவமைத்த எஃப்ஜிஎஃப்2 கிடைக்கிறது, அதை வாங்கலாம். சந்தேகம் வந்தால், செல்களைச் சில மணி நேரம் காரணி இல்லாமல் வைத்துவிட்டு உங்கள் அலிக்வாட்டைக் கொடுத்துப் பாருங்கள். நல்ல காரணி என்றால் சமிக்ஞை செல்லுக்குள் போய்ச் சேர்ந்ததைக் காட்டும் பாஸ்போ-ஈஆர்கே பத்து நிமிடத்துக்குள் ஏறும். ஏறவில்லையா, கொட்டிவிடுங்கள்.

செல்களைப் பிரிக்கும் ட்ரிப்சின் நொதியை நிறுத்தச் சீரம் ஊற்றுவது

வேண்டாம். சீரத்தில் பீஎம்பி இருக்கிறது; முன்னோடிச் செல்களை முதிர்ந்த வகைகளாக மாறச் சொல்லும் புரதம் அது. ட்ரிப்சின் தடுப்பான் வாங்குங்கள்.

ஒரு காரணிக்கு ஒரே வேலை என்று மனப்பாடம் செய்வது

பீடிஜிஎஃப் என்றால் நியூரான், சிஎன்டிஎஃப் என்றால் ஆஸ்ட்ரோசைட், தைராய்டு ஹார்மோன் என்றால் ஒலிகோடென்ட்ரோசைட் (நரம்பிழைகளுக்கு உறையிடும் செல்). 1990-களின் நடுவில் வந்த சோதனைகளிலிருந்து எடுத்த இந்த வாய்பாடு பொய்யில்லை; ஆனால் குறிப்பிட்ட வயதுச் செல்லில் மட்டும் செல்லும். சுண்டெலிக் கருவில் எட்டரை நாள் வாக்கிலேயே எஃப்ஜிஎஃப்2-வுக்குப் பெருகும் செல்கள் இருக்கின்றன. ஈஜிஎஃப்புக்குப் பெருகுபவை 11 முதல் 13 நாளுக்குள்தான் தலைகாட்டும். பத்து நாள் கருவிலிருந்து செல் எடுத்து, ஈஜிஎஃப் மட்டும் கொடுத்துவிட்டு, ஒன்றும் வளரவில்லை என்று வந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தப்பு செல்லிடமும் இல்லை, ஈஜிஎஃப்பிடமும் இல்லை.

பீஎம்பி இன்னும் வேடிக்கை. கருவின் பெருமூளைப் புறணியில் ஒரு கட்டத்தில் அது நியூரான் உருவாகத் துணைபோகும். பிந்தைய கட்டத்தில் ஆஸ்ட்ரோசைட் பக்கம் தள்ளும். எல்ஐஎஃப் என்ற இன்னொரு காரணியின் விஷயத்தில் இதன் காரணம் தெளிவாகவே தெரியும். அது ஸ்டாட்3 என்ற புரதம் வழியாக, ஆஸ்ட்ரோசைட்டின் அடையாளமான ஜிஎஃப்ஏபி ஜீனை இயக்க வேண்டும். பதினொன்றரை நாள் கருச் செல்லில், அந்த ஜீனில் ஸ்டாட்3 உட்கார வேண்டிய இடம் மெத்தில் என்ற வேதித் தொகுதி ஏறி அடைபட்டிருக்கிறது. பதினான்கரை நாளில் அந்த மெத்தில் குறைந்திருக்கும். அதே எல்ஐஎஃப் அப்போது வேலை செய்யும். சமிக்ஞை இரண்டு நாளிலும் ஒன்றுதான், கேட்கும் செல்தான் வேறு. ஆகவே குறிப்பேட்டில் காரணியின் அளவுக்குப் பக்கத்தில் கருவின் நாளையும், எத்தனையாவது பாசேஜ் (பிரித்துப் புதுத் தட்டுக்கு மாற்றியது) என்பதையும் எழுதாவிட்டால், அந்தப் பக்கத்தால் யாருக்கும் பிரயோஜனமில்லை.

பெருக்கும்போது வைட்டமின் ஏ உள்ள பி27

அதிலிருந்து ரெட்டினாயிக் அமிலம் வரும், முதிரச் சொல்லும். இல்லாத வகையை வாங்குங்கள்.

தட்டில் பார்த்ததை மூளையின் தலையில் கட்டுவது

எஃப்ஜிஎஃப்2 செல்லைப் பெருக்குவதோடு நிற்பதில்லை, எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்ற அதன் முகவரியையும் மாற்றிவிடுகிறது. தண்டுவடத்தின் முதுகுப்புறத்திலிருந்து எடுத்த முன்னோடிகளை அதில் வளர்த்தால், அவற்றில் முன்பு இல்லாத ஒலிக்2 என்ற புரதம் தோன்றி, ஒலிகோடென்ட்ரோசைட் ஆகும் திறனும் வருவதை 2003-லேயே காட்டிவிட்டார்கள். "இந்தப் பகுதிச் செல்லால் மூன்று வகையும் ஆக முடியும்" என்று எழுதுவதற்கு முன், தட்டில் போடுவதற்கு முந்தைய செல்லை ஒரு முறையாவது சாயமேற்றிப் பாருங்கள்.

உருண்டைகளை எண்ணும் தட்டை எடுத்து எடுத்துப் பார்ப்பது

ஒரு உருண்டை ஒரு செல்லிலிருந்து வந்தது என்ற நம்பிக்கையில்தான் எண்ணுகிறீர்கள். தட்டை அசைத்தால் உருண்டைகள் நகர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அடர்த்தியாகப் போட்டால் அசைக்காமலே ஒட்டும். குறைவாகப் போடுங்கள், முடிந்தால் குழிக்கு ஒரு செல். எண்ணும் நாள் வரை இன்குபேட்டரின் அந்தத் தட்டுப்பக்கம் கையே போகக் கூடாது. ஆள்கள் அடிக்கடி திறக்கும் இன்குபேட்டரில் வைக்கவே வேண்டாம்.