நலாக்சோன் பெட்டிக்குப் பூட்டு வேண்டாம்

ஹெராயின் போன்ற ஓபியாய்டு வகைப் போதைப்பொருள் அளவு மீறி மூச்சு அடங்கும்போது, மூச்சைத் திருப்பிக் கொண்டுவரும் மருந்து நலாக்சோன். எங்கள் நூலகத்தில் நலாக்சோன் பெட்டி வைத்ததும் நான்தான், அதைப் பூட்டிச் சாவியை மேலாளரிடம் கொடுத்ததும் நான்தான். ஒருநாள் கழிவறையில் ஒருவர் விழுந்து கிடந்தார். உதடு நீலம், குறட்டை மாதிரி ஒரு சத்தம். மேலாளர் அன்று விடுப்பு. ஆம்புலன்ஸ் சீக்கிரம் வந்ததால் விழுந்தவர் பிழைத்தார்.

அதனால் முதல் வேலை, பூட்டைக் கழற்றுவது. அப்புறம் இடம். கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில், கண் உயரத்தில், வெயில் படாமல் மாட்டுங்கள். உள்ளே மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே இரண்டு, கையுறை, செய்முறைப் படம்.

மருந்து வாங்கும் விதி நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 2023 மார்ச்சில் 4 மில்லிகிராம் ஸ்ப்ரேயை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்க அனுமதி கிடைத்தது. மற்ற இடங்களில் மருந்தாளுநரிடமோ சுகாதாரத் துறையிடமோ கேளுங்கள்.

யாருக்குக் கொடுப்பது? ஹெராயின், ஃபெண்டனில் போன்றவற்றை எடுப்பவர்களுக்கே கொடுங்கள், அவர்கள் வீட்டாருக்கும் கொடுங்கள். சிகாகோவில் ஓர் அமைப்பு 1996-லேயே இதைத் தொடங்கிவிட்டது. பக்கத்தில் இருக்கக்கூடியவர்கள் கையில் மருந்து இருக்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2014-இல் பரிந்துரைத்தது. முதலில் நாங்கள் பதிவேடு வைத்துப் பெயர் கேட்டோம். ஒரு மாதம் யாரும் தொடவில்லை. பதிவேட்டைத் தூக்கினோம், நாலே நாளில் பெட்டி காலி.

பயிற்சிக்குக் கால் மணி நேரம் போதும். தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். முஷ்டியால் நெஞ்செலும்பை அழுத்தித் தேயுங்கள். எழவில்லையா, மூச்சு மெதுவாகவோ இல்லாமலோ இருக்கிறதா, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கிறதா? உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, ஒரு மூக்குத் துவாரத்தில் முனையை நுழைத்து ஒரே அழுத்து. சோதித்துப் பார்க்கிறேன் என்று காற்றில் அடித்துவிடாதீர்கள், ஒரு குப்பியில் ஒரே ஒரு தடவைக்குத்தான் மருந்து. ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது ஒருவர் இதைச் செய்துவிடுவார், அதனால் பயிற்சிக்கு மருந்தில்லாத குப்பியே வைத்திருக்கிறேன்.

மூச்சு நின்றிருந்தால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் மாற்றமில்லையா, அடுத்த துவாரத்தில் இரண்டாவது குப்பி. மூச்சு திரும்பியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எழுந்தவர் வாந்தி எடுக்கலாம், கோபப்படலாம். போதை திடீரென்று விலகுவதால் வரும் பின்வாங்கல் அறிகுறி அது. ஆனால் போக விடாதீர்கள். நலாக்சோன் 30 முதல் 90 நிமிடம்தான் நிற்கும், உடம்பிலுள்ள போதை அதற்கு மேலும் நீடிக்கலாம்.

"தப்பாகக் கொடுத்துவிட்டால்?" என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். ஓபியாய்டு எடுக்காத ஒருவரை நலாக்சோன் ஒன்றும் செய்யாது. சந்தேகம் வந்தால் கொடுங்கள்.

காலாவதித் தேதியைப் பெட்டியின் வெளியே பெரிதாக எழுதி ஒட்டுங்கள். நான் மாதம் முதல் தேதி திறந்து பார்க்கிறேன், எடுத்ததை அன்றே நிரப்பிவிடுகிறேன்.